கண்ணுக்கு ரத்தம் போகவில்லையாமே, டாக்டர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கண்புரை பற்றியவை. அவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். பார்வை நரம்பு பற்றி வந்தவை ஆறே ஆறுதான். ஆனால் ஐந்தில் ஏதோ ஓர் இடத்தில் ரத்த ஓட்டமோ, பிரஷரோ, நாடித்துடிப்போ தலைகாட்டுகிறது. அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 29 வயது. ஜவுளிக்கடையில் வேலை. போன மாதம் வலது கண்ணை உருட்டினால் பின்பக்கம் வலித்தது. மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் பனி மூடினாற்போல் ஆகிவிட்டது. அரக்குப் புடவையை விரித்துக் காட்டினால் வெளுத்த செங்கல் நிறமாகத் தெரிகிறது. 'ஆப்டிக் நியூரைட்டிஸ்' என்று சொல்லி மூன்று நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, "கண்ணுக்கு ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான். தினம் ஒரு ஆஸ்பிரின் போடு. மறுபடி வந்தால் டிரிப்ஸ் எல்லாம் வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரை நானே தருகிறேன்" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கரூர்

சித்தப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா. நம் ஊரில் கை மரத்தாலும் ரத்த ஓட்டம், கால் இழுத்தாலும் ரத்த ஓட்டம், முடி கொட்டினாலும் ரத்த ஓட்டம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் கணக்கு தப்பு.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். அதற்குள் ஏறக்குறைய 12 லட்சம் இழைகள். கண்ணை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வோர் இழைக்கும் மயலின் என்ற உறை உண்டு, கரண்டு ஒயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே குழம்பிப்போய் அந்த உறையைத் தாக்கும்போது நரம்பு வீங்குகிறது. ஆப்டிக் நியூரைட்டிஸ், அதாவது பார்வை நரம்பு அழற்சி என்பது இதுதான். கண்ணை அசைக்கும் தசைகள் பின்னால் நரம்பின் உறையை ஒட்டியே தொடங்குகின்றன. அதனால்தான் கண்ணை உருட்டினால் வலி. அமெரிக்காவில் 457 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் 92 சதவீதம் பேருக்கு இந்த வலி இருந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள், சராசரி வயது 32. உங்கள் கதை அப்படியே இதில் உட்காருகிறது.

ரத்தம் போகவில்லை என்கிறாரே சித்தப்பா, வீங்கிய அந்த நரம்பில் நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. அழற்சி வந்த இடத்தில் ரத்தக்குழாயின் சுவர் இளகிக் கசியும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஓர் ஊசி போட்டிருப்பார்களே, அந்த மருந்து குழாயிலிருந்து கசிந்து வெளியே வருவதால்தான் உங்கள் நரம்பு படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். ரத்தம் வந்து சேர்ந்தால்தானே கசிய முடியும்? இதில் ஆஸ்பிரினுக்கு வேலையே இல்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். நான் சொன்ன அதே ஆய்வின் முடிவு 1992-ல் வெளியானது. டிரிப்ஸில் ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஏற்றாதவர்களுக்கும் கடைசியில் ஏறக்குறைய அதே அளவு திரும்பியது, நாளாயிற்று, அவ்வளவுதான். டாக்டர்களையே தூக்கிவாரிப் போட்டது மூன்றாவது குழு. கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் வெறும் பிரெட்னிசோலோன் வகை மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வந்தது ஏறக்குறைய இரட்டிப்பு. சும்மா இருந்தவர்களைவிட மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மோசம்! வாய் வழியாகப் போவது குற்றமில்லை. டிரிப்ஸுக்குச் சமமான பெரிய அளவை வாயாலும் கொடுக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. குறைந்த டோஸை மட்டும், கடைக்கணக்கில், கொடுப்பதுதான் வம்பு. டிரிப்ஸுக்குப் பிறகு உங்கள் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை வேறு கணக்கு. அதை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வருடத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் 6/12 பார்வைக்கோ (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அதற்கு மேலோ வந்துவிடுகிறார்கள். இது அந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு. நம்மவர்களிடம் வேறு இரண்டு வகைகளும் உண்டு. அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது ஒன்று, மயலின் உறையில் இருக்கும் மாக் (MOG) என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது இன்னொன்று. அவற்றுக்கு வைத்தியம் வேறு. முதல் வகை கண்ணைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது, திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆகவே மூளை எம்.ஆர்.ஐ.யும் இந்த ரத்தப் பரிசோதனைகளும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். நாள் கணக்கில் விடாத விக்கலோ, காரணம் தெரியாத வாந்தியோ எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கண்ணுக்கும் விக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்க வேண்டாம். அக்வாபோரின் வகைக்கு அது ஒரு முக்கியமான அடையாளம்.

அரக்குப் புடவை பற்றி எழுதினீர்களே, அதைப் படித்ததும் என் மேஜை டிராயர் ஞாபகம் வந்தது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து பாட்டிலுக்குச் சிவப்பு மூடி. காலியான பாட்டிலின் மூடியை நான் எறிவதே இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வேன், பிறகு மறு கண். "இது நூறு காசு சிவப்பு என்றால், அது எத்தனை காசு?" என்று கேட்பேன். "நாற்பது காசுதான் டாக்டர்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு டார்ச்சை எடுப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்து முடித்த புதிதில் ஒரு நர்சிங் மாணவி இதே புகாரோடு வந்தாள். உள்ளே பார்த்தேன், நரம்பின் முனை சுத்தமாக இருந்தது. "கண்ணில் ஒன்றுமில்லை, பரீட்சை பயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் எங்கள் சீனியர் டார்ச்சை இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்குமாக நாலு தடவை ஆட்டிக் காட்டினார். நல்ல கண்ணில் பாப்பா சுருங்கியது. கெட்ட கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் சுருங்குவதற்குப் பதில் விரிந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், உள்ளே பார்த்தால் தெரியாது. "நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது" என்று எங்கள் படிப்பில் இதற்கு ஒரு பழைய கிண்டலே உண்டு. அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். டார்ச் அன்றிலிருந்து கோட்டுப் பையில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் இடது கண்ணில் பார்வை நரம்பு அழற்சி வந்து சரியாகிவிட்டது. இப்போது பழனி மலைப் படி ஏறினால் பாதியில் அந்தக் கண் மட்டும் மங்கிவிடுகிறது. உட்கார்ந்து இளைப்பாறினால் சரியாகிறது. வெந்நீரில் தலைக்குக் குளித்தாலும் அப்படித்தான். ஏறும்போது ரத்தம் எல்லாம் காலுக்குப் போய்விடுவதாலா? இதயத்தைப் பரிசோதிக்க வேண்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

காலுக்கு ரத்தம் போவதால் என்றால் வெந்நீர்க் குளியலில் ஏன் வருகிறது? நீங்களே கேள்வியில் பதிலையும் வைத்து அனுப்பிவிட்டீர்கள்.

காரணம் சூடு. 1890-ல் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (மூளையிலும் தண்டுவடத்திலும் மயலின் உறை அங்கங்கே அழியும் நோய்) நோயாளிகள் 100 பேரைக் கவனித்து எழுதினார். அவர்களில் 4 பேருக்கு உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்கியது. அவரும் உங்களைப் போல உழைப்புதான் காரணம் என்று நினைத்தார். சூடுதான் குற்றவாளி என்று தெளிவானது பல காலம் கழித்து. உறை கிழிந்த இழையில் மின்செய்தி ஏற்கெனவே தள்ளாடித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே இழையில் இருக்கும் சோடியக் கதவுகள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன, செய்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது. குளிர்ந்ததும் ஓடத் தொடங்குகிறது. எம்.ஆர்.ஐ. வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, எந்தக் குறை தலைகாட்டுகிறது என்று பார்த்தே நோயைக் கண்டுபிடித்தார்கள்!

இதனால் நரம்புக்குப் புதிதாகக் கெடுதல் ஏற்படுவதில்லை. படி ஏறுங்கள், ஆனால் விடியற்காலையில். கழுத்தில் ஈரத்துண்டு, கையில் குளிர்ந்த தண்ணீர். இளைப்பாறி ஒரு நாள் ஆகியும் மங்கல் தெளியவில்லை என்றாலோ, கண் வலித்தாலோ அது வேறு விஷயம், டாக்டரைப் பாருங்கள். இதயப் பரிசோதனை உங்கள் வயதுக்குச் செய்வது நல்லதுதான். ஆனால் அதை இந்தக் கண்ணின் கணக்கில் எழுத வேண்டாம். ஏறும்போது நெஞ்சு அடைத்தால் மட்டும் அன்றே போய்விடுங்கள்.

வயது 62. சுகர் 15 வருடமாக, பிரஷரும் உண்டு. போன வாரம் காலையில் எழுந்தால் வலது கண்ணில் கீழ்ப்பாதி இருட்டு. வலி துளியும் இல்லை. என் தங்கை மகளுக்கு முன்பு வந்த நரம்பு அழற்சிதான் இது என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், மன்னார்குடி

ஐயா, உங்களுக்குத்தான் கரூர் சித்தப்பாவின் வசனம் பொருந்தும். வலி இல்லை, வயது 50-ஐத் தாண்டிவிட்டது, காலையில் கண் விழித்தபோது தெரிந்தது, பார்வையில் மேலோ கீழோ ஒரு பாதி போனது. எல்லாம் சேர்ந்து, நரம்பின் முனைக்கு ரத்தம் குறைந்து வரும் நோயைத்தான் காட்டுகின்றன. கடிதத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இதைப் படிக்கும் முன்பே கண் டாக்டரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், உங்களுக்கு வாய்க்கால் கணக்கு தெரியும். கண்ணுக்குள் எப்போதும் ஓர் அழுத்தம் உண்டு, 15 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழைய வருகிற ரத்தத்தை அது எதிர்த்து நிற்கும். மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் வாய்க்காலில் மட்டம் கூடுதலாக இருக்க வேண்டுமே, அது மாதிரி. பிரஷர் 120/80 என்றால் சராசரி 93. உட்கார்ந்திருக்கும்போது கண் மட்டத்துக்கு வந்து சேருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 62. அதிலிருந்து 15-ஐக் கழித்தால் 47. அந்த 47-தான் கண்ணுக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை. படுத்தால் கணக்கு மாறும். தலை இதய மட்டத்துக்கு வருவது சாதகம். ஆனால் கண்ணின் அழுத்தமும் ஏறும், தூக்கத்தில் பிரஷரும் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ராத்திரி படுக்கும்போது பிரஷர் மாத்திரையும் போட்டால் இன்னும் இறங்கும்.

இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் சோஹன் சிங் ஹேரே. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நரம்பின் முனைக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டித் தமனிகளைப் பற்றி அவர் அளவுக்கு எழுதியவர் குறைவு. நோயாளிகளுக்கு 24 மணி நேரமும் பிரஷர் கருவியைக் கட்டிவிட்டு, ராத்திரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். அவர் முடிவை எல்லா டாக்டர்களும் முழுதாக ஏற்பதில்லை. எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நீங்களாக ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதத்தில் போய் முடியும். எந்த நேரத்தில் போடுவது என்று உங்கள் பிரஷர் டாக்டரிடம் கேளுங்கள். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் அம்மாவிடம் விசாரியுங்கள், அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. ஆண்மைக்கென்று மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நிரூபிக்கப்பட்ட மருந்து இதற்கு இல்லை. சுகர் இருக்கும் உடம்பில் நீங்களாக ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால் சுகர்தான் எகிறும். ஒரே ஒரு விதிவிலக்கு: நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் தமனி அழற்சியாக இருக்கலாம். நம்மவர்களுக்கு அபூர்வம். ஆனால் இருந்தால் ஸ்டீராய்டு உடனடியாக வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் மறு கண்ணும் போகலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொன்னால் தட்டாதீர்கள். சாதாரண வகையில் 5 வருடத்தில் நூற்றுக்கு 15 பேர் போல மறு கண்ணிலும் வருகிறது.

கண்ணில் கோளாறு என்று சேர்த்த என் மகளுக்கு ஸ்டீராய்டு டிரிப்ஸ் போடும் முன் இ.சி.ஜி., சுகர், பிரஷர் எல்லாம் எடுத்தார்கள். பில்லை ஏற்றத்தானே?
– வாசகி, சேலம்

இந்த ஒன்றில் அவர்கள்மேல் சந்தேகம் வேண்டாம். ஒரு நாளைக்கு 1 கிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் என்பது சின்ன மருந்தல்ல. சுகரும் பிரஷரும் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அபூர்வமாகச் சிலருக்கு நாடி ரொம்பவும் குறையும், துடிப்பு தப்பும். அதனால்தான் மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுகிறார்கள். வாயில் இரும்புச் சுவை, முகச்சிவப்பு, தூக்கமின்மை சகஜம். என் நோயாளி ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து வீட்டுப் பாத்திரம் அத்தனையும் தேய்த்து வைத்தாராம். கணவருக்கு ஏக சந்தோஷம்.

பின்னால் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று உறுதியாகி ஃபிங்கோலிமோட் மாத்திரை எழுதினால் இன்னொரு வேடிக்கை. முதல் மாத்திரை போட்ட அன்று ஆறு மணி நேரம் நாடியைப் பார்த்துக்கொண்டே உட்காரவைப்பார்கள், துடிப்பைக் குறைக்கும் என்பதால். மூன்று நான்கு மாதம் கழித்து விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதா என்று கண் டாக்டரிடம் அனுப்புவார்கள். அதற்கும் பில் வரும், கட்டிவிடுங்கள்.

அழற்சி வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. பார்வை பரவாயில்லை. ஓ.சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நரம்பைச் சுற்றி ரத்தக்குழாய் அடர்த்தி குறைவு' என்று இருக்கிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே? ரத்த ஓட்டத்துக்கு மருந்து எழுதுங்கள்.
– வாசகி, தாம்பரம்

மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

ஓ.சி.டி. ஆஞ்சியோ என்பது கண்ணுக்குள் இருக்கும் நுண்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன். அந்த ரிப்போர்ட் நிஜம். அழற்சி ஓய்ந்த சில மாதங்களில் இறந்துபோன இழைகளால் நரம்பு மெலிகிறது. மெலிந்த அளவுக்கு ஏற்பச் சுற்றியுள்ள நுண்குழாய்களும் குறைகின்றன. அறுவடை முடிந்த வயலுக்கு யார் மடை திறந்து வைத்திருப்பார்கள்? உயிருள்ள இழை குறைந்தால் ரத்தத்தின் தேவையும் குறையும். பெரும்பாலும் நடப்பது இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

முழுக்க அவ்வளவுதான் என்றும் நான் சாதிக்க மாட்டேன். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கண் மருத்துவர் யோசஃப் ஃப்ளாமர், கை கால் சில்லிட்டு ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கிக்கொள்ளும் உடல்வாகு உள்ளவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருள் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் கூடியிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் ஒரு குழு 2013-ல், அந்த நோயாளிகளின் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருப்பதையும், எண்டோதீலினைத் தடுக்கும் போசெண்டான் மாத்திரை கொடுத்ததும் அது சீரானதையும் அளந்து காட்டியது. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் ரத்தம் கூடியது என்று காட்டினார்களே தவிர, நோய் குறைந்தது என்று காட்டவில்லை. போசெண்டான் கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்து. இதை நம்பி உங்களுக்கு நான் சீட்டு எழுத மாட்டேன்.

எழுந்து நின்றால் இருட்டுவது. ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? கவனித்து எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நொடிக் கணக்கில் இரண்டு கண்ணும் இருண்டு தெளிந்தால் அது பிரஷர் இறங்குவது, நரம்பு அழற்சி இல்லை. விழித்திரையின் ரத்தக்குழாய்களுக்கு, தோலில் இருப்பது போலத் தன்னியக்க நரம்பின் கட்டளை கிடையாது. பிரஷர் ஏறி இறங்கினாலும் அவை தாமே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாத அளவுக்கு இறங்கும்போதுதான் இருட்டும். பிரஷர் கருவி வீட்டில் இருந்தால் ஐந்து நிமிடம் படுத்து அளந்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளங்கள். மேல் எண் 20-ஓ, கீழ் எண் 10-ஓ குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தண்ணீர் குடிக்காதது, ஏதாவது மாத்திரை என்று சாதாரணக் காரணங்களே அதிகம். பஸ்ஸில் போகிற பெண்கள் பாத்ரூமுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, எனக்குத் தெரியும். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ள சிலருக்கு, நாடியையும் பிரஷரையும் ஆளும் நரம்புப் பாதைகளும் பாதிக்கப்படுவதுண்டு. ஆகவே நரம்பியல் டாக்டரிடம் இதையும் சொல்லி வையுங்கள். பார்வை நரம்பு மட்டும் கெட்டதால் பிரஷர் இறங்காது.

கை சில்லென்று இருப்பதற்கு? ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள்.

அழற்சி ஆறி இரண்டு மாதம். பார்வை 6/9 வந்துவிட்டது. ஆனால் குறுக்கே போகும் ஆட்டோ என் பக்கமாக வளைந்து வருவது போல் தெரிகிறது. ஸ்கூட்டர் ஓட்டலாமா?
– வாசகி, திருச்சி

ஒரு நரம்பில் செய்தி தாமதமாக வந்தால் அப்படித்தான் தெரியும். மூளை இரண்டு கண்ணின் செய்தியையும் சேர்க்கும்போது நேராக ஓடுவது வளைந்துவிடுகிறது. 1922-ல் இதை விளக்கியவர் கார்ல் புல்ஃப்ரிஷ். அவருக்கே ஒரு கண் தெரியாது, தன் பெயரில் இருக்கும் அந்தக் காட்சியை அவரால் பார்க்கவே முடிந்ததில்லை. நூலில் ஒரு சாவியைக் கட்டி இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லி, இரண்டு கண்ணாலும் பாருங்கள். வட்டமடிப்பது போல் தெரிந்தால் அதேதான். நல்ல கண்ணின் பக்கம் லேசாகக் கறுப்பேற்றிய கண்ணாடி போட்டால் பலருக்குச் சரியாகிறது, உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை பஸ்ஸில் போங்கள்.